மரத்தளத்துக்கு ஒரு கம்பித் தடுப்பு

வலிப்பு வந்து அவள் பின்பக்க மரத்தளத்தின் விளிம்பிலிருந்து கீழே விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது. மாத்திரையில் வலிப்பும் அடங்கிவிட்டது. ஆனால் அன்றைக்குப் பூட்டிய பின்கதவைக் கணவன் திறக்கவே இல்லை. சாவி அவன் சட்டைப்பையிலேயே இருந்தது.

முன்வாசல் வழியாகக் கடைக்குப் போனாலும், அவள் திரும்புவதற்குள் நாலு முறை போன் வரும். மற்றபடி, பின்கதவுக் கண்ணாடியில் தெரிந்த ஏரிதான் அவளுக்கு வெளியுலகம்.

"தடுப்பு போட்டுட்டுத் திறக்கலாம்" என்பான். போடத்தான் மாட்டான்.

கடைசியில் அவளே ஸ்டீல் கேபிள் சுருளையும் அதை முறுக்கி இறுக்கும் திருகுகளையும் வரவழைத்துவிட்டாள். அவன் வேறு வழியில்லாமல் சாவியைத் தன் தங்கையிடம் கொடுத்தான்.

"நீ கூடவே இருக்கணும். வேலை முடிஞ்சதும் பூட்டிடணும்."

நாத்தனார் அளவுநாடாவைப் பிடித்துக்கொள்ள, அவள் தளத்தோர மரத்தூண்களில் டிரில்லால் நாலு விரல் இடைவெளிக்கு ஒரு துளை போட்டாள். பத்து வரிசை கேபிள். மேலிருந்து ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே வந்ததில் கடைசித் தூண் உள்பக்கம் சாய்ந்தது. மேல் கம்பிகள் தொய்ந்துபோயின.

"அண்ணி, இதுல துணிதான் காயப்போடலாம்" என்று நாத்தனார் சிரித்தாள்.

எல்லாவற்றையும் தளர்த்தி, தூண்களின் தலையில் ஒரு மரச்சட்டத்தைப் பொருத்தினாள். இந்த முறை நடுக்கம்பியில் தொடங்கி, மேலே ஒன்று கீழே ஒன்றாக இறுக்கினாள். உள்ளங்கை இரண்டும் கன்றிப்போயின.

சாயங்காலம் அவன் வந்து, நிலைப்படிக்குள் நின்றபடியே தங்கையை ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்க்கச் சொன்னான். முழங்காலை வைத்து அழுத்தச் சொன்னான்.

"கல்லு மாதிரி இருக்குண்ணா" என்றாள் நாத்தனார்.

பிறகு அவன் இருவரையும் உள்ளே வரச் சொல்லி, தங்கையிடம் சாவியை வாங்கிக் கதவைப் பூட்டிப் பையில் போட்டுக்கொண்டான்.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்."

அவளுக்கு உடனே கோபம்கூட வரவில்லை. தடுப்பு ஒரு சாக்கு என்று அப்போதுதான் விளங்கியது. தளத்தைச் சுற்றிக் கோட்டை மதிலே எழுப்பினாலும் இந்தக் கதவு திறக்காது.

மறுநாள் அவன் கிளம்பியதும் ஸ்குரூடிரைவரை எடுத்துப் பூட்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். வெளியே போய் உட்கார்ந்தாள். போன் உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது.

மதியம் அவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். கதவில் இருந்த ஓட்டையைப் பார்த்தான்.

"என்னடி பண்ணி வெச்சிருக்க? மறுபடி வலிப்பு வந்தா?"

"வந்தா இங்கேயே விழுவேன். கீழ போக மாட்டேன்."

அவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு நான் இங்கதான் நின்னேன். நீ தள்ளாடினதைப் பார்த்தேன். மூணு எட்டு வெச்சிருந்தா பிடிச்சிருக்கலாம். கால் நகரவே இல்ல."

இத்தனை நாள் அவன் அதைச் சொன்னதே இல்லை.

"இப்ப வாங்க" என்றாள்.

ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தான். உடனே இழுத்துக்கொண்டான். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. அவள் எழுந்து போய்க் கையைப் பிடிக்கவில்லை. உள்ளேயும் போகவில்லை.

பிறகு அவன் அந்தப் பூட்டை மாட்டவில்லை. மரத்தளத்தில் கால் வைக்கவும் இல்லை. அவள் வெளியே இருக்கும் நேரமெல்லாம் நிலைப்படிக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான்.