இரண்டு பச்சைப் புள்ளி

விமானம் ஆளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. மட்டைப் பையை மட்டும் வேறெந்த நாட்டுக்கோ அனுப்பிவிட்டது. கடல் தாண்டி கோல்ஃப் ஆட வந்த பெண் மட்டையில்லாமல் கையை வீசிக்கொண்டு நின்றால் பார்க்க நன்றாகவா இருக்கும்? ஒல்லியான உடம்பால் 'குச்சி' என்று பெயர் வாங்கியிருந்தவள் இப்போது குச்சி இல்லாத குச்சி ஆகிவிட்டாள் என்று கூட வந்த பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து நாள் பயணம் அது. காலையில் ஆட்டம், மதியம் பள்ளிக்கூடத்தில் அந்த ஊர்ப் பாஷை வகுப்பு, சாயங்காலம் ஆளுக்கொரு வீட்டில் தங்கி அந்த வீட்டு மனிதர்களோடு பழக வேண்டும். கடைசி நாள் போட்டியில் ஜெயிக்கிறவருக்கு ஒரு வருஷம் அங்கேயே தங்கிப் பயிற்சி, எல்லாம் இலவசம். குச்சியின் அம்மா ஊரில் ஒரு கோல்ஃப் கிளப்பின் சலவை அறையில் துண்டு துவைக்கிறவள். அந்தத் துண்டு மூட்டைக்குப் பின்னாலேயே போய்த்தான் குச்சி ஆட்டம் கற்றாள். இந்த ஒரு வருஷத்தை விட்டால் அவளுக்கு வேறு வழி கிடையாது. அது அவளுக்கும் தெரியும், கூட வந்த கோச்சுக்கும் தெரியும்.

அவளுக்கு விட்ட வீட்டில் கணவன் மனைவி இரண்டே பேர். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், குச்சியின் பாஷையைக் கொஞ்சம் பேசுவார். மனைவிக்கு அது சுத்தமாகத் தெரியாது. தெரிந்த பாஷையிலும் அவள் அதிகம் பேசுகிறவளாகத் தெரியவில்லை. பை தொலைந்த கதையைக் கேட்டதும் கடைக்காரர் உள்ளே போய் ஒரு நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"எங்க பொண்ணோடது. போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டா. உன் வயசுதான். நீ வச்சு ஆடும்மா."

மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. பையைத் தரையில் கிடத்தி, ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து, உள்ளே இருந்த பந்துகளை எல்லாம் ஒரு பாத்திரத்தில் போட்டுத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். மட்டைகளையே கொடுத்தாகிவிட்டது, பந்தில் என்ன இருக்கிறது என்று குச்சிக்கு விளங்கவில்லை. கடைக்காரர் மறுநாள் புதுப் பந்துகள் வாங்கிக் கொடுத்தார். தினமும் காலையில் குச்சி எழுந்து பார்க்கும்போது மட்டைகளின் தலையில் ஒட்டியிருந்த மண் துடைக்கப்பட்டிருக்கும். யார் துடைத்தது என்று அவள் கேட்கவில்லை.

வகுப்பில் முதலில் எண்கள், பிறகு நிறங்கள், அப்புறம் 'இருக்கு', 'இல்லை', 'காணோம்' என்று கற்றுக்கொடுத்தார்கள். கற்றதை வீணாக்கக் கூடாது என்று குச்சி சாப்பாட்டு மேஜையில் பருக்கைகளைக்கூட அந்தப் பாஷையில் எண்ணிக் காட்டினாள். வீட்டம்மாவின் உதடு ஒருமுறை லேசாக அசைந்தது. அதைச் சிரிப்புக் கணக்கில் சேர்க்கலாமா என்பது சந்தேகம்தான்.

போட்டி நாளன்று வீட்டம்மாவும் மைதானத்துக்குக் கிளம்பினாள். மகள் போன பிறகு அவள் அங்கே வருவது அதுதான் முதல் தடவை என்று கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்.

கடைசிக் குழிக்கு வந்தபோது குச்சியும் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியும் சமமாக இருந்தார்கள். மீதி எல்லோரும் பின்தங்கிவிட்டார்கள். குச்சியிடம் பந்து தீர்ந்துவிட்டது, கடைசியாக இருந்ததும் முந்தின குழியில் குளத்துக்குள் போயிருந்தது. பதறிப்போய் நீலப் பையைத் துழாவினாள். குடை செருகும் அறையின் அடியில் ஒரு பந்து விரலில் தட்டியது. புதுப் பந்து எடுத்தால் அதில் என்ன அடையாளம் என்று கூட ஆடுகிறவரிடம் சொல்லிவிடுவது வழக்கம், இல்லாவிட்டால் புதருக்குள் கிடப்பது யார் பந்து என்று சண்டை வரும். குச்சி பந்தைத் தூக்கிக் காட்டி, அந்த ஊர்ப் பாஷையிலேயே பெருமையாகச் சொன்னாள்:

"ரெண்டு புள்ளி. பச்சை."

வேடிக்கை பார்த்த கூட்டத்தில் வீட்டம்மாவின் முகம் வெளுத்துப்போனது. குச்சி அதைப் பார்த்தாள். பார்த்ததும் கை பிசகியது. பந்து வலப்பக்கம் வளைந்து போய்ப் புதருக்குள் விழுந்தது.

புதரை நோக்கி நடக்கும்போது கடைக்காரர் பக்கத்தில் வந்தார். "அது எங்க பொண்ணு தன் கையால வச்ச புள்ளிம்மா. என் வீட்டுக்காரி எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டான்னுதான் நெனச்சேன்."

தேட மூன்று நிமிஷம்தான் தருவார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் செடிகளை விலக்கித் தேடினார்கள். அப்போது வீட்டம்மா குனிவதைக் குச்சி கண்டாள். நிமிர்ந்தபோது அவள் கை கோட்டுப் பைக்குள் போயிருந்தது.

வேறு யாரும் பார்க்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர் பந்தை எடுத்துவிட்டார் என்று நடுவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பந்தைத் திரும்ப அதே இடத்தில் வைத்து ஆடலாம், தண்டனை கிடையாது. சொல்லாவிட்டால் தண்டனையோடு பழைய இடத்துக்கே போய் மறுபடி அடிக்க வேண்டும். குச்சிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாத்திரம் நிறையப் பந்து வைத்திருக்கிறவளுக்கு இந்த ஒன்றும் வேண்டுமா? சோப்புத் தண்ணீரில் தோல் உரிந்த தன் அம்மாவின் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. வாயைத் திறந்துவிட்டாள்.

வீட்டம்மா பைக்குள் விட்ட கையை எடுக்காமல், யாரையும் பார்க்காமல், திருடிவிட்டு அகப்பட்டுக்கொண்ட குழந்தை மாதிரி நின்றாள்.

"நேரம் முடிஞ்சுது. பந்து கிடைச்சுதா?" என்று நடுவர் கேட்டார்.

குச்சி நடுவர் பக்கம் திரும்பவில்லை. வீட்டம்மாவைப் பார்த்து, அவளுக்குப் புரிகிற பாஷையில், "காணோம்" என்றாள்.

அந்த ஊர்ப் பெண்ணிடம் கடன் வாங்கிய பந்தால் ஆடி முடித்தாள். தோற்றாள். கோச் பிடித்துக் காய்ச்சினார். "கண்ண எங்க வச்சிட்டு தேடின? இப்படி ஒண்ணு இனி வருமா உனக்கு?" வராது என்று அவளுக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டாள்.

விமான நிலையத்தில் அவளுடைய சொந்தப் பை வந்து காத்திருந்தது. நல்ல நேரம் பார்த்துத்தான் வந்தது. வழியனுப்ப வந்த வீட்டம்மா கணவரிடம் ஏதோ கேட்டாள். அவர் சொல்லிக்கொடுத்ததை இரண்டு முறை முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, குச்சியின் பாஷையில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

"நீ பாத்த."

குச்சி தலையை ஆட்டி மறுத்தாள். "காணோம் ஆன்ட்டி."

வீட்டம்மா அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு, சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதாள். குச்சியும் அழுதாள். பொய் சொல்வானேன், அவள் அழுதது தன் ஒரு வருஷத்துக்காகத்தான். வீட்டம்மாவின் கோட்டுப் பைக்குள் இருந்த பந்து குச்சியின் விலாவில் அழுந்தியது. வலித்தது. அவள் நகரவில்லை.