உறை போட்ட மவுஸ்

எர்மிந்தாவின் வலது கை மவுஸின் மேல் அழுந்தியிருந்தது. திரையில் அம்பு எங்கோ மூலையில் துடித்துக்கொண்டிருந்தது. விசா நேர்காணலுக்கான நாட்காட்டி முழுக்கச் சாம்பல் நிறம். நடுவே ஒரே ஒரு நாள் மட்டும் பச்சையாகத் திறந்திருந்தது. அதைப் பிடித்தால்தான் நியூயார்க்கில் இருக்கும் மகள் யோகாஸ்தாவை அறுவைச் சிகிச்சைக்கு முன் பார்க்க முடியும்.

"அமுக்குங்க டோனா எர்மிந்தா, போயிரப் போகுது!" என்றேன் பக்கத்து நாற்காலியிலிருந்து.

"அமுக்கத்தான் பாக்குறேன். இது ரம் குடிச்ச ஆடு மாதிரில்ல ஓடுது!"

ஆட்டின் மேல் குற்றமில்லை. எங்கள் அசுவா ஊரில் எந்தப் பொருளும் புதுசாகவே சாக வேண்டும். சோஃபாவுக்குப் பிளாஸ்டிக், டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக். இந்த இணைய மையத்தை நடத்தும் ராதாமேஸ் இன்னும் ஒரு படி மேல். பெயருக்கு முன்னால் 'லிசென்சியாடோ' என்று பட்டம் சேர்க்காவிட்டால் அவருக்குக் காது கேட்காது; எதில் பட்டம் என்று கேட்டாலும் கேட்காது. வாங்கிய அன்றே எல்லா மவுஸ்களையும் சமையலறைப் பிளாஸ்டிக் தாளில் பொட்டலம் கட்டி, அடியில் டேப் ஒட்டிவிட்டார். மேசையைப் பார்க்க வேண்டிய மவுஸின் சிவப்புக் கண் பிளாஸ்டிக் சுருக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"லிசென்சியாடோ, இந்தத் தாளைக் கொஞ்சம் பிரிச்சுக்கட்டுமா?"

அவர் டையைச் சரிசெய்தபடி எழுந்து வந்தார். "டோனா, கருவிங்கிறது நாகரிகத்தோட அடையாளம். அதைப் பராமரிக்கிற விதத்துலதான் ஒரு தேசத்தோட..."

"தேசம் கெடக்கட்டும்யா! எம் பொண்ணு நெஞ்சைத் திறக்கப் போறாங்க!"

"வேர்வைக் கை டோனா! பொத்தான் பிசுபிசுத்துரும். போன வருஷம் ஒருத்தன் பொரிச்ச வாழைக்காயத் தின்ன கையோட..."

வாழைக்காய்க்காரன் கதை முடிவதற்குள் எர்மிந்தா நகத்தால் தாளைக் கிழித்தாள். டேப்பைப் பிய்த்தாள். மவுஸைப் புரட்டி, ரவிக்கை நுனியால் அதன் கண்ணைத் துடைத்தாள், குழந்தைக்குப் பீளை எடுப்பதுபோல. உள்ளங்கையில் சிவப்பு வெளிச்சம் விழுந்தது. மேசையில் வைத்ததும் அம்பு நேராக ஓடி அந்தச் சதுரத்தில் நின்றது.

சதுரம் சாம்பலாகியிருந்தது.

ராதாமேஸ் குனிந்து தாளை எடுத்தார். கசங்கியும் அது மவுஸின் வடிவத்தை விடவில்லை. எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

எர்மிந்தா பக்கத்தை மறுபடி திறந்தாள். சாம்பல். மறுபடி திறந்தாள். அவள் வேர்வையில் மவுஸின் முதுகு மினுங்கத் தொடங்கியிருந்தது.