வேறு ஐந்து இடங்கள்

தனக்கு லாபம் வரும் இடத்துக்கு மருத்துவர் நோயாளியை அனுப்பக் கூடாது என்று எங்கள் அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது. சட்டத்தில் ஓட்டையும் இருக்கிறது. ஸ்கேன் இயந்திரம் அவருடைய கிளினிக்கிலேயே இருந்தால் தடையில்லை. வேறு ஐந்து இடங்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். பெரிய சீர்திருத்தம் என்று சொல்லி சட்டம் போட்டவர்கள் பிறகு சேர்த்தது அந்தத் தாளைத்தான்.

அம்மாவுக்கு வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் வலி. டாக்டர் ப்ரூவெட் தன் கிளினிக்கிலேயே ஸ்கேன் எழுதினார். முன்மேசையில் இருந்த ரோண்டா தாளை நீட்டினாள்.

"வேற எடத்துக்கும் போலாம்னு சொல்லணுமாம், வெர்னாக்கா. சொல்லிட்டேன்."

"ஏண்டி, என்னைய வெரட்டுறியா?"

இருவரும் சிரித்தார்கள். கென்டக்கி மலையில் எங்கள் ஊரில் அந்தத் தாளை யாரும் படிப்பதில்லை; படித்தால் டாக்டரை அவமதித்ததாகிவிடும். அம்மா வாயிலிருந்த சூயிங்கத்தை அதில் துப்பி மடித்தாள்.

"அம்மா, இது பழைய மெஷின். லெக்சிங்டன் பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். நானே கார் ஓட்டுறேன்."

"சந்தேகப்படவா காலேஜுல படிச்ச? நீ பொறந்தப்போ ஊரெல்லாம் வெள்ளம். படகுல வந்து உன்னைய வெளிய எடுத்த மனுசன். அவர் மெஷின் வேணாம்னுட்டுப் போனா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரப் பாப்பேன்?"

எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. அதற்கு அம்மாவிடம் அவ்வளவுதான் மதிப்பு.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார் ப்ரூவெட். வலி மாத்திரை கொடுத்தார். கோடை போய், மலையில் இலை உதிர்ந்தது. அம்மாவின் கண்கள் மஞ்சளான அன்று, கெஞ்சாமல், கையைப் பிடித்து லெக்சிங்டனுக்கு இழுத்துப் போனேன். கணையத்தில் புற்று. கல்லீரலுக்கும் பரவியிருந்தது. "இன்னும் தெளிவான படம் இருந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கலாம்" என்றார் அங்கிருந்த மருத்துவர், என் முகத்தைப் பார்க்காமல்.

நவம்பரில், நன்றி கூறும் பண்டிகைக்கு முன்தினம் ப்ரூவெட் வீட்டுக்கு வந்தார். கையில் அவர் மனைவி சுட்ட பூசணி இனிப்புப் பலகாரம். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டால் அவரைக் கிழித்துப்போட வார்த்தைகளைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

அம்மா எழ முயன்றாள். முடியவில்லை.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம லெக்சிங்டன் போயிட்டேன். இந்தப் புள்ளதான் இழுத்துட்டுப் போச்சு."

அம்மாவின் கையை அவர் தட்டிக்கொடுத்தார்.

"பரவால்ல, வெர்னா. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

அம்மாவின் முகம் தெளிந்தது. அன்றிரவு மாத்திரை இல்லாமலே தூங்கினாள்.