இரண்டாவது அடி

அப்புசாமிக்கு வயிறு ஓயாமல் போய்க்கொண்டிருந்தது. பெருந்துறைப் பக்கம் தோட்டத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. புண்ணில் சீழ் வைக்காமலிருக்க வீரியமான மருந்துகளை நரம்பு வழியே ஏற்றினார்கள். அந்த மருந்து குடலில் இருந்த நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிடும். அப்படிக் காலியான குடலில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கதவுப் பிடியிலும் ஒட்டிக் கிடக்கும் ஒரு கிருமி குடியேறிவிட்டால் பேதி நிற்காது. குடல் வீங்கி ஓட்டை விழுந்துகூடப் போகும். லேபில் அதைச் சுருக்கமாக சி-டிஃப் என்பார்கள். அதுதான் என்று உறுதியானால் மருந்தை மாற்றலாம். உறுதியாகாமல் மாற்றினால் இடுப்புப் புண் கெட்டுவிடும். டாக்டர் ரிசல்ட்டுக்குக் காத்திருந்தார்.

ரிசல்ட் கொடுக்க வேண்டியவள் செவ்வந்தி. வால்பாறை எஸ்டேட்டில் கூலித் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் பிறந்து வளர்ந்து, படித்து, இந்த லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவள். வார்டிலிருந்து வந்த முதல் சாம்பிளை அவள் திருப்பி அனுப்பியிருந்தாள். காலையில் எடுத்ததை வெயிலடிக்கிற ஜன்னலோரம் போட்டு வைத்துவிட்டு மத்தியானம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அந்தச் சூட்டில் கிருமியின் விஷம் அழிந்துபோயிருக்கும். டெஸ்ட் போட்டால் இல்லாததுபோலக் காட்டும். புதிதாக வேண்டும் என்று வார்டுக்குப் போன் செய்து காரணத்தையும் சொன்னாள். வார்டில் காரணத்தை விட்டுவிட்டு, லேபில் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்று மட்டும் குடும்பத்தாரிடம் சொன்னார்கள்.

மறுநாள் சாம்பிளை அப்புசாமியின் மருமகள் சண்முகப்பிரியாவே கொண்டுவந்தாள். டப்பாவை மஞ்சள் பைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள்.

"இன்னும் சூடு ஆறலைங்க அக்கா," என்றாள்.

செவ்வந்தி உடனே டெஸ்ட் போட்டாள். கிருமி இருப்பதாக ஒரு கோடு விழுந்தது. விஷம் இருப்பதாகக் காட்ட வேண்டிய கோடு விழவில்லை. இப்படி வந்தால் இரண்டுங்கெட்டான். விஷம் சுரக்கிற வகைதானா என்று மெஷினில் ஏற்றிப் பார்த்தாக வேண்டும். ஏற்றிவிட்டு, இன்னும் சற்று நேரத்தில் தெரிந்துவிடும் என்று வார்டுக்குச் சொன்னாள். அங்கே அப்புசாமியின் வயிறு பானைபோல உப்பி, நினைவு தப்பிக்கொண்டிருந்தது. லேபில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்று யாரோ சொன்னது அவர் மகன் கிருபாசங்கரின் காதில் விழுந்தது.

அவன் லேபுக்கு வந்தபோது கூடவே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் அவன் கார் டிரைவர், இன்னொருவன் மாமன் மகன். கதவைச் சாத்தித் தாழ் போட்டது டிரைவர்தான்.

"ஏனுங்க அம்மணி, எங்கப்பன் செத்த பொறவு சொல்லலாம்னு இருக்கறீங்களா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டான். செவ்வந்தி எழுந்து நின்று, சாம்பிள் மெஷினில் ஓடிக்கொண்டிருப்பதைச் சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டான். வால்பாறை என்றாள். அங்கே எங்கே என்றான். எஸ்டேட் என்றாள். வேண்டிய பதில் கிடைத்துவிட்டதுபோலத் தலையாட்டினான்.

"லைன் ஊட்டுல இருந்து வந்தவ கைலயா எங்கப்பன் உசுரு இருக்குது?"

பக்கத்து மேசையிலிருந்த பிரான்சிஸ் எழுந்து வந்தார். அவளைவிட வயதில் மூத்தவர், அதிர்ந்து பேசாதவர். அவரைப் பேசவே விடவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக் கண்ணாடி அலமாரிமேல் வீசினான் கிருபாசங்கர். அலமாரி நொறுங்கியது. ஊன்றப் போன கை கண்ணாடிக்குள் இறங்கி, மணிக்கட்டிலிருந்து ரத்தம் பீறிட்டுத் தரையில் தெறித்தது. மாமன் மகன் மேசையிலிருந்த தட்டுகளை வாரி வீசினான். கிருமி வளர்த்து வைத்திருந்த தட்டுகள் அத்தனையும் உடைந்து சிதறின. அழுகல் நாற்றம் அறை முழுக்கப் பரவியது.

கிருபாசங்கர் மெஷினைப் பிடித்து இழுத்தான்.

"அதுக்குள்ளதாங்க உங்கப்பாவோட சாம்பிள் இருக்குது. விடுங்க," என்றாள் செவ்வந்தி.

அவன் விடவில்லை. மெஷின் மேசை விளிம்புக்கு வந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புச் சிலிண்டரைக் கழற்றி, இரண்டு கையாலும் ஓங்கி, அவன் முன்கையில் போட்டாள். அலறிக்கொண்டு முழங்காலிட்டு உட்கார்ந்தான். மெஷின் விளிம்பிலேயே நின்றுவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் குனிந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடரியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. பிரான்சிஸ் ரத்தத்தில் வழுக்கி எழ முடியாமல் கிடந்தார். மற்ற இருவரும் இன்னும் கிட்டே வந்திருக்கவில்லை. யோசிக்க அவளுக்கு நேரம் இருந்தது. யோசித்துத்தான் மறுபடியும் ஓங்கினாள். சிலிண்டர் அவன் தோளில் இறங்கியபோது எலும்பு முறிகிற சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. வாயில் எச்சில் ஊறியது. அப்போது அவளுக்குப் பயமே இல்லை.

பிறகு அவர்கள் முறை. டிரைவர் முடியைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். மாமன் மகன் விலாவில் மிதித்தான், மறுபடியும் மிதித்தான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தமானது. காவலாட்கள் கதவை உடைத்து உள்ளே வந்து இருவரையும் இழுத்துப் போனார்கள். பிரான்சிஸைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். கிருபாசங்கரையும் தூக்கிப் போனார்கள். செவ்வந்தியைத் தூக்க வந்தபோது மெஷின் கூவியது.

சுவரைப் பிடித்து எழுந்து பார்த்தாள். விஷம் சுரக்கிற வகைதான். ரத்தத்தைத் துப்பிவிட்டு வார்டுக்குப் போன் போட்டாள். அப்புசாமியின் பேரையும் கட்டில் எண்ணையும் ரிசல்ட்டையும் சொல்லி, நர்ஸைத் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டாள். அடித்தவனின் அப்பன் என்று அவளுக்குத் தோன்றாமலில்லை. தோன்றியும் சொன்னாள், அவ்வளவுதான். போனை வைத்ததும் மயங்கி விழுந்தாள்.

அன்றே மருந்தை மாற்றினார்கள். அப்புசாமி நாலைந்து நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். பிறகு வயிறு வற்றி, கஞ்சி கேட்டார்.

செவ்வந்திக்கு விலாவில் முறிவு. அவள் படுக்கையில் இருக்கும்போதே நிர்வாகத்திலிருந்து வந்து சமாதானம் பேசினார்கள். கேமராவில் இரண்டாவது அடி தெளிவாகப் பதிந்திருக்கிறது, அவர்கள் புகார் கொடுத்தால் உனக்கும் சிக்கல், இரண்டு பக்கமும் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். பிரான்சிஸ் அண்ணனுக்கு நரம்பு அறுந்ததை யார் வாபஸ் வாங்குவார்கள் என்று கேட்டாள். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் வாங்க வந்தார். முதல் அடி மெஷினைக் காப்பாற்ற, சரி, ரெண்டாவது எதுக்கும்மா என்று கேட்டார். கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லச் சொல்லி வக்கீல் சொல்லியிருந்தார்.

"ஒண்ணு போதும்னு தோணலைங்க," என்றாள்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதிக்கொண்டார்.

வழக்கு இரண்டு பக்கமும் பதிவானது. அன்று புருஷன் பின்னாலேயே வந்து கதவுக்கு வெளியே நின்ற சண்முகப்பிரியா, கதவுக் கண்ணாடி வழியே பார்த்ததைப் போலீஸிடம் உள்ளபடி சொன்னாள்: தன் வீட்டுக்காரர்தான் முதலில் கை வைத்தார் என்று. அதற்காகப் பிறந்த வீட்டுக்குத் துரத்தப்பட்டாள். செவ்வந்திக்குப் போன் செய்து அதைச் சொன்னபோது சண்முகப்பிரியா அழவில்லை. புருஷன் வீட்டில் அடி வாங்குவது தனக்குப் புதிதில்லை, இனிமேல் அங்கே போவதாக இல்லை என்று மட்டும் சொன்னாள்.

முதல் வாய்தாவுக்குக் கோர்ட் வராந்தாவில் ஒரே பெஞ்சுதான் காலியாக இருந்தது. செவ்வந்தி ஒரு கோடியில் உட்கார்ந்தாள், கிருபாசங்கர் மறுகோடியில். அவன் வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை; சட்டைப்பையிலிருந்த போனை இடது கையால் எடுத்தான்.

"அப்பா இப்ப நல்லா நடக்கறாருங்க," என்றான் அவளைப் பார்க்காமல்.

"நல்லதுங்க," என்றாள். பிறகு சொன்னாள்: "பிரான்சிஸ் அண்ணனுக்கு விரல் மடங்கறதில்லைங்க. சோத்தை ஸ்பூன்லதான் திங்கறாரு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பிடரி மறுபடியும் அவள் கண்ணில் பட்டது. அவள் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. உள்ளேயிருந்து இருவர் பேரையும் சேர்த்து டவாலி கூப்பிட்டார்.