ஜனவரிக் கப்பல்

கப்பல் திரும்பி வந்த அன்று காலை என் கணவர் எவரிஸ்தோ பல் துலக்கிக்கொண்டிருந்தார். கப்பலின் சங்கு கேட்டதும் வாயில் நுரையோடு வாசலுக்கு ஓடினார். எங்கள் வீடு கத்தான்யோவில், கடலோரச் சாலையில் இருக்கிறது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் பழைய சான் ஹுவான் நகரத்தின் கப்பல் துறை தெரியும். தொற்று வந்த நாளிலிருந்து அது காலியாகக் கிடந்தது. அங்கே இப்போது ஒரு வெள்ளைக் கப்பல், தெரு ஒன்றைத் தூக்கி நிமிர்த்தி வைத்தது போல நின்றுகொண்டிருந்தது.

"நெலிடா, ஜனவரிக்குப் போட்டுரலாம்" என்றார். பாதி வார்த்தை நுரையோடு போயிற்று.

மற்றவர்கள் உல்லாசக் கப்பலில் தின்னவும் ஆடவும் போவார்கள். எவரிஸ்தோ போனது அண்ணனைப் பார்க்க. அண்ணன் அன்செல்மோ வாலிபத்திலேயே குராசோ தீவுக்கு எண்ணெய் ஆலை வேலைக்குப் போய், அங்கேயே ஷர்லினைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். ஒவ்வொரு ஜனவரியும் எங்கள் கப்பல் குராசோவில் காலையில் நிற்கும். துறைமுக வாசலில் அன்செல்மோ தன் பழைய காரோடு காத்திருப்பார். வீட்டுக்குப் போவோம், சாப்பிடுவோம், இரண்டு பேரும் டோமினோ கட்டைகளை வைத்து ஆடிக்கொண்டே சண்டை போடுவார்கள். மதியம் தாண்டியதுமே இருவரும் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பொழுது சாய்வதற்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். ஒரு வருடத்துக்கு அந்த ஒரு பகல்தான்.

விமானத்தில் போகலாமே என்று கேட்காதவர்கள் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால், இருபது வயதில், எவரிஸ்தோ ஒரு சின்ன விமானத்தில் வியேக்கஸ் தீவுக்கு வேலைக்குப் போனார். அது கடலில் விழுந்தது. அவர் நீந்திக் கரையேறினார். பக்கத்து இருக்கையில் இருந்தவர் வெளியே வரவில்லை. இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார், பிறகு பேசியதில்லை. அதிலிருந்து விமானம் என்ற பேச்சே கிடையாது. ஒர்லாண்டோவில் எங்கள் மகள் யாரிட்சா செவிலியர் பட்டம் வாங்கியபோதுகூட நான் தனியாகத்தான் போனேன். பெரிய புயல் எங்கள் தீவையே துவைத்துப் போட்ட வருடம், மாதக்கணக்கில் மின்சாரம் கிடையாது. மகள் டிக்கெட் எடுத்து அனுப்பினாள். அவர் அசையவில்லை. நானும் அவரோடு உட்கார்ந்து வாளியில் துணி துவைத்தேன்.

அதனால் கப்பல் வந்ததும் அவர் ஓடியதில் ஆச்சரியம் இல்லை. அன்செல்மோவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. அவரால் இங்கே வர முடியாது. இவர்தான் போகவேண்டும்.

படகில் ஏறி அக்கரைக்குப் போனோம். துறைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஸொரைதாவின் பயண அலுவலகம். எங்களுக்கு எல்லா வருடமும் இடம் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். தொற்றுக் காலத்தில் அலுவலகத்தில் பாதியை ஒரு நகப்பூச்சுக் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அந்த வாடையில் உட்கார்ந்துதான் பேசினோம்.

"எவரிஸ்தோ ஐயா, நான் கப்பல் விக்கிறவ. வித்தாத்தான் எனக்குச் சோறு" என்றாள். "ஆனா உங்ககிட்ட மறைக்க மாட்டேன். குராசோவுல இறங்கலாம். கப்பல்காரங்க ஏத்தற பஸ்ஸுலதான் போகணும், அதுலயேதான் திரும்பணும். கூட்டத்தை விட்டு விலகினா மறுபடி ஏத்த மாட்டாங்க."

"பஸ்ஸு எங்க அண்ணன் வீட்டு வழியாப் போகுமா?"

"தீக்கோழிப் பண்ணைக்குப் போகும்."

எவரிஸ்தோ சிரிக்கவில்லை. ஜனவரிக்குள் அந்த விதி தளரலாம், தளராமலும் போகலாம் என்றாள் ஸொரைதா. ஒரு அறையைப் பிடித்து வைக்கிறேன், டிசம்பர் நடுவில் முடிவு சொல்லுங்கள், வேண்டாமென்றால் முன்பணம் முழுசாகத் திரும்பி வரும் என்றாள். சரி என்று வந்துவிட்டோம்.

அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. காலையில் போகலாம் என்பார், மத்தியானம் வேண்டாம் என்பார். செய்தியில் ஒரு நாள் தொற்று இறங்கியது என்றால் அலமாரியிலிருந்து பெரிய பெட்டியை இறக்குவார், அடுத்த வாரம் ஏறியது என்றால் திரும்ப ஏற்றுவார். யாரிட்சா தொலைபேசியில், இந்த வயதில் மூடின அறைக்குள் அத்தனை பேரோடு போகாதீர்கள் என்று அழாக்குறையாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அன்செல்மோ மட்டும் அதைக் கிண்டலாகவே எடுத்துக்கொண்டார்.

"நீ கப்பல் மேல்தட்டுல சிவப்புச் சட்டை போட்டுட்டு நில்லு. நான் வேலிக்கு வெளிய நிக்கிறேன். கையாட்டிக்கலாம், பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திங்க மாதிரி."

எவரிஸ்தோவும் சிரித்தார். தொலைபேசியை வைத்த பிறகு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பரில் புதிய தொற்று ஒன்று கிளம்பியது. பக்கத்து வீட்டு க்ரூசித்தா துணிந்து அந்த மாதம் கப்பலில் போயிருந்தாள். சிப்பந்திகள் சிலருக்குக் காய்ச்சல் என்று இரண்டு தீவுகள் அவர்களை உள்ளே விடவில்லை. திரும்பி வந்தவளிடம் குராசோ எப்படி இருந்தது என்று கேட்டேன். "விளக்கு விளக்கா இருந்துச்சு" என்றாள். "அவ்வளவுதான் பாத்தேன். கப்பல் அப்படியே திரும்பிருச்சு."

அதற்கடுத்த நாள் ஷர்லின் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அன்செல்மோ குளியலறையில் விழுந்துவிட்டார், எலும்பு முறியவில்லை, ஆனால் ஆள் பாதியாகிவிட்டார் என்றாள். தம்பியிடம் சொல்லக் கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தாராம். அவள் அதை மீறித்தான் என்னிடம் சொன்னாள். நான் அன்று மாலையே எவரிஸ்தோவிடம் சொல்லிவிட்டேன்.

சமையலறை மேசையில் துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தோம். கிறிஸ்துமஸ் சோற்றுக்கு அது இல்லாமல் முடியாது. ஸொரைதாவுக்கு மறுநாள் முடிவு சொல்ல வேண்டும்.

"போடலாமா, வேண்டாமா? நீ சொல்லு" என்றார்.

"சொன்னா கேப்பியா?"

"கேக்க மாட்டேன். சொல்லு."

"எனக்குக் கப்பல் ஒத்துக்காது, கிழவா. முதல் வருஷத்துலேருந்தே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன ஒத்துக்காது?"

"வாந்தி. நீ டோமினோ ஆடப் போனதும் நான் குளியலறைக்குள்ள போயிருவேன்."

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு வராம, இளைக்கணும் இளைக்கணும்னு சொன்னியே?"

"வயித்துல எதுவும் தங்கலை. அதை மறைக்கத்தான் அந்தச் சாக்கு."

கையிலிருந்த காயை உரித்து முடித்தார். பிறகு, "அப்புறம் எதுக்கு ஒவ்வொரு வருஷமும் வந்தே?" என்றார்.

"நான் வரலைன்னா நீ தனியாப் போவியா?"

"மாட்டேன்."

"அதுக்குத்தான்."

அவர் கை உரிப்பதை நிறுத்தவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கப்பலில் போனால் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பார், அல்லது விளக்காகத் தெரிவார். போகாவிட்டால் தொலைபேசியில் குரல் மட்டும். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அதில் போய் இறங்கினால் நம்மை எந்தக் கூட்டத்தோடும் யாரும் கட்டிவைக்கப் போவதில்லை, நேராக அண்ணன் வீட்டுக்கே போகலாம் என்றேன். "அது எதுன்னு நான் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷமா சொல்லலை, இப்பவும் சொல்ல மாட்டேன்."

அவர் அடுத்த காயை எடுத்தார். பார்த்தால் தோலைப் பாத்திரத்திலும் பருப்பைக் குப்பைக் கூடையிலும் போட்டுக்கொண்டிருந்தார். நான் கூடையிலிருந்து பருப்பைப் பொறுக்கினேன்.

மறுநாள் காலை தனியாகப் படகேறிப் போனார். கப்பலை உறுதி செய்யப் போகிறார் என்றே நினைத்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டித் திரும்பினார், சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரி முன்னால் போய் நின்றார்.

"சின்னப் பெட்டி எங்க, பொண்ணே?"

"கப்பலுக்குச் சின்னப் பெட்டியா?"

"விமானத்துல பெரிய பெட்டிக்குத் தனியாக் காசு வாங்கறாங்களாம்."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா என்றால், முதலில் வந்தது பயம்தான். நானே பிடித்துத் தள்ளிவிட்டேனோ என்று தோன்றியது. நடந்ததை ஸொரைதாதான் பிறகு சொன்னாள். கப்பல் அறையை ரத்து செய்யச் சொல்லிவிட்டு, மனசு மாறுவதற்குள் விமானத்துக்குப் போடு என்றாராம். நேராகப் போகும் விமானம் இல்லை, சான்தோ தொமிங்கோவில் இறங்கி மாற வேண்டும், ஒன்றில்லை, இரண்டு ஏறவேண்டும் என்றாளாம் அவள். இவர் சற்று யோசித்துவிட்டு, "அப்ப ரெண்டுக்கும் சேத்து ஒரே தடவையாப் பயந்துக்கறேன்" என்றாராம்.

பிப்ரவரியில் கிளம்பினோம். ஷர்லினுக்கு மட்டும் சொன்னோம். பாதி வழியில் இவர் திரும்பிவிட்டால் அன்செல்மோ தாங்கமாட்டார். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்தார்கள், எங்கள் இருவருக்கும் தொற்று இல்லை. அந்த முடிவு வந்தபோது எவரிஸ்தோ கொஞ்சம் ஏமாந்தது போலத்தான் இருந்தார்.

முதல் விமானம் பெரியது. மேலே ஏறும்போது என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது. கண்ணைத் திறக்கவே இல்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் எங்கள் ஊர்க்காரர்கள் வழக்கம்போலக் கைதட்டினார்கள். சத்தம் கேட்டுக் கண் திறந்து, என்னவோ ஏதோ என்று பார்த்தார். "எதுக்குத் தட்டறாங்க?" என்றார். இறங்கிவிட்டோம் என்றேன். மற்றவர்கள் நிறுத்தின பிறகு இவர் தட்ட ஆரம்பித்தார். ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்து, அவளும் சேர்ந்து தட்டினாள்.

இரண்டாவதுதான் சோதனை. இறக்கையில் காற்றாடி சுற்றும் சின்ன விமானம். வெயிலில் நடந்து போய்ப் படிக்கட்டில் ஏறவேண்டும். படிக்குக் கீழே எவரிஸ்தோ நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். அவர் உதடு வெளுத்திருந்தது. அன்று வியேக்கஸ் விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவரின் பெயரைச் சொன்னார். அத்தனை வருடத்தில் அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். சபாஸ்தியான். திரும்பிப் போகலாம் என்று அவர் சொல்லியிருந்தால் போயிருப்பேன், மனத்தாங்கல் இல்லாமல் போயிருப்பேன்.

"நீ முதல்ல ஏறு" என்றார். "நீ உள்ள இருந்தா நான் வராம இருக்க முடியாது."

ஏறினேன். திரும்பிப் பார்க்கவில்லை. உட்கார்ந்து பெல்ட்டைப் பூட்டினேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கதவு மூடப்போகும் நேரத்தில் பணிப்பெண் முன்னால் நடந்து வந்தாள், அவளுக்குப் பின்னால் இவர். உட்கார்ந்தார். ஜன்னல் வழியே கடல் தெரியும்வரை மூச்சுகூட விட்டாரா தெரியாது. பிறகு மெல்ல, "தண்ணி எவ்வளவு அமைதியா இருக்கு பாரு" என்றார்.

ஷர்லின் விமான நிலையத்துக்குக் கார் ஓட்டி வந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள், இவரைப் பார்த்ததும் முகக்கவசத்துக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டில் அன்செல்மோ கொல்லை மரநிழலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். உண்மையிலேயே பாதியாகியிருந்தார், சட்டைக் கழுத்துக்குள் இன்னொருவர் நுழையலாம். எங்களைப் பார்த்து அவர் எழுந்திருக்கவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இன்னிக்குக் கப்பல் எதுவும் வரலையே" என்றார்.

"வரலை" என்றார் எவரிஸ்தோ.

"அப்புறம் எப்படி வந்தே?"

எவரிஸ்தோ விரலை மேலே காட்டினார். அன்செல்மோ மரத்தை அண்ணாந்து பார்த்தார், பிறகு வானத்தை, பிறகு தம்பியை.

"பொய் சொல்றே."

"நெலிடாவைக் கேளு."

நான் தலையாட்டினேன். அன்செல்மோ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எவரிஸ்தோ பக்கத்தில் போய், எங்கே தொட்டால் வலிக்குமோ என்று தயங்கி, கடைசியில் அண்ணன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "மடையா, மடையா" என்று அந்தச் சட்டைக்குள்ளிருந்து குரல் கேட்டது. "நான் செத்தாக்கூட நீ கப்பல்லதான் வருவேன்னு இவகிட்ட சொல்லி வச்சிருந்தேன்."

இரண்டு வாரம் இருந்தோம். ஆஸ்பத்திரிக்கு அண்ணனை எவரிஸ்தோதான் கூட்டிப் போனார். இரத்தம் சுத்திகரிக்கும் நான்கு மணி நேரமும் வெளியே உட்கார்ந்து, மற்ற நோயாளிகளின் கணவன்மாரோடு டோமினோ ஆடித் தோற்றார். ஸொரைதாவுக்கு ஒரு செய்தி அனுப்பச் சொன்னார்: அடுத்த ஜனவரிக்கு இடம் பிடித்து வைக்க வேண்டாம், ஜூனில் விமானத்துக்குப் பார்க்கவும். அவள் ஒரு கைகூப்பும் படம் அனுப்பினாள், அதோடு அலுவலகத்தின் மறுபாதியையும் நகப்பூச்சுக்கு விட்டுவிடலாமா என்று யோசிப்பதாக எழுதியிருந்தாள். ஜூனில் போனோம். அதற்குப் பிறகும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்.

எனக்கு மனதில் நிற்பது அந்த முதல் வாரத்தில் ஒரு மதியம். சிகிச்சை முடிந்து வந்த அன்று அன்செல்மோ சாப்பிட்டதும் தூங்கிப்போனார். இத்தனை வருடமும் குராசோவில் மதியத் தூக்கம் என்று ஒன்று எங்களுக்கு இருந்ததில்லை, நேரத்தை வீணாக்க யார் விடுவார்கள்? எவரிஸ்தோ அண்ணனுக்குக் காவல் இருப்பது போல இன்னொரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஷர்லினும் நானும் பாத்திரம் கழுவி முடித்து எட்டிப் பார்த்தபோது, இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். எழுப்பலாமா என்று ஷர்லின் கண்ணால் கேட்டாள். வேண்டாம், தூங்கட்டும் என்றேன்.