தலைகீழாகப் பிடித்த அட்டை

"எல்லாரும் போனை எடுங்க" என்றாள் ஸ்ரீமதி. பட்டாசுக் கம்பெனிப் பெண்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க மதுரையிலிருந்து வந்திருந்தாள். சனிக்கிழமை கம்பெனி வேன் கொண்டுவந்து இறக்கிய பெண்கள் தாயில்பட்டிப் பள்ளிக்கூடப் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திகூட அசையவில்லை.

"போனா? பட்டாசுக் கம்பெனிக்காரி எவ தாயி போன் கொண்டாருவா? கேட்லயே பிடுங்கிருவாகள்ல" என்றாள் கருப்பம்மாள். வேலைக்கு இல்லை, வகுப்புக்குத்தான் போகிறோம் என்று தெரிந்தும், பழக்கதோஷத்தில் அத்தனை பேரும் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். பெஞ்சுகளில் சிரிப்பு கிளம்பியது.

ஸ்ரீமதி அசரவில்லை. பையிலிருந்து சதுர அட்டைகளை எடுத்தாள். பழைய காலண்டர் அட்டையில் வெட்டியவை. ஒன்றின் முதுகில் லட்சுமியின் கை, இன்னொன்றில் பாதி மயில். முன்பக்கம் கறுப்புக் கட்டங்கள், மூலையில் ஒரு நம்பர். ஆமாம் என்றால் சிவப்பு ஓரம் மேலே, இல்லை என்றால் பச்சை ஓரம் மேலே. தூக்கிப் பிடித்தால் அவள் போன் கேமரா பார்த்து எண்ணிக்கொள்ளும். புரொஜெக்டர் சுவரில் காட்டும் படத்தில் கோடு உயரும், பக்கத்தில் அட்டை நம்பர் விழும். "நம்பர்தான் அதுல வரும், யாரு பேரும் வராது. பயப்படாமச் சொல்லுங்க."

அட்டைகளை, வேனில் கூட வந்த போர்மேன் சுந்தரபாண்டி வாங்கி, தன் கையாலேயே கொடுத்துக்கொண்டு போனான். கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் நின்று, "நம்பர் வரிசையாத்தான் குடுத்திருக்கேன். ஞாவகம் இருக்கட்டும்" என்றான். ஒயரைச் சொருகிக்கொண்டிருந்த ஸ்ரீமதிக்கு மட்டும்தான் கேட்கவில்லை.

முதல் கேள்வி: "நீங்க வேலை பாக்குற ரூம்ல பின்கதவு திறக்குமா?"

மாரிச்செல்வி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் உட்கார்ந்து திரி செருகுவது அந்தப் பின்கதவு ஓரத்தில்தான். கதவை மறைத்து, சீசன் லோடுப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கும். போன மாசம் பக்கத்து ரூமில் புஸ்ஸென்று புகைந்தபோது எல்லோரும் முன்கதவுக்கு ஓடினார்கள். கடைசியாக வெளியே வந்தவள் அவள். அன்றிலிருந்து முதுகு கூசிக்கொண்டே இருக்கிறது. சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. சொன்னால் திங்கட்கிழமை வேனில் ஏற்ற மாட்டார்கள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். சிவப்பை மேலே திருப்பினாள்.

சிவப்புக் கோடு உச்சிக்குப் போய் நின்றது. பச்சை எழும்பவே இல்லை. சுந்தரபாண்டி மீசையைத் தடவிக்கொண்டு டீ வாங்கிவரப் போனான்.

அவன் தலை மறைந்ததும் கருப்பம்மாள் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்துக் காலி பண்ணினாள். "ஏட்டி, அட்டையப் பூரா இதுக்குள்ள போடுங்கட்டி. சீட்டுக்கட்டாட்டம் கலக்கிப்புடுவோம். அவன் எந்த நம்பரப் பிடிக்கான்னு பாப்போம்." பை பெஞ்சு பெஞ்சாகப் போய்வந்தது. அடுத்த கேள்வியைப் போனில் தேடிக்கொண்டிருந்த ஸ்ரீமதி நிமிரவில்லை. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கதவுக் கேள்விதான் முடிந்துபோயிற்றே! அதைத் திரும்பக் கேட்கச் சொல்வது யார்? ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

சுந்தரபாண்டி டீத்தூக்கோடு உள்ளே நுழையவும் மாரிச்செல்வி எழுந்து நின்றாள்.

"டீச்சர், அந்தக் கதவுக் கேள்விய இன்னொருக்க கேளுங்க. நான் அட்டையத் தலைகீளாப் பிடிச்சிட்டேன்."

"நானுந்தேன் டீச்சர்" என்று கருப்பம்மாள் எழுந்தாள். "நானும்", "ஏ, நானும்" என்று பெஞ்சுகள் கிரீச்சிட்டன.

"அம்புட்டுப் பேருமா?" என்றான் சுந்தரபாண்டி.

"அம்புட்டுப் பேருந்தேன் அண்ணாச்சி. எங்களுக்கு இதெல்லாம் என்ன எளவு தெரியும்?" என்றாள் கருப்பம்மாள்.

ஸ்ரீமதி மறுபடி கேட்டாள். அட்டைகள் உயர்ந்தன. பச்சைக் கோடு மளமளவென்று ஏறியது. சுந்தரபாண்டியின் கண் சுவரில் விழுந்த நம்பர்களுக்கு ஆளைத் தேடித் தேடித் தோற்றது. ஸ்ரீமதி சிரிக்கவில்லை. சுவரைப் போனில் படம் பிடித்தாள். "இதை உங்க முதலாளிக்கு நானே அனுப்புறேன். எங்க ஆபீசு மூலமா பாக்டரி இன்ஸ்பெக்டருக்கும் போகும்."

திங்கட்கிழமை வேன் வருமோ வராதோ என்று மாரிச்செல்வி விடியுமுன்னே ரோட்டுக்கு வந்துவிட்டாள். வந்தது. ஏற்றிக்கொண்டது.

ரூமில் பெட்டிகளைக் காணோம். கீல் துருவேறிய பின்கதவைத் தச்சர், தீப்பொறி பறக்காதிருக்க மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அது முனகிக்கொண்டு வெளிப்பக்கமாகத் திறந்தது.

"ஏ ஆத்தி, காத்துல்ல வருது!" என்று கருப்பம்மாள் முந்தானையை விரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மாரிச்செல்விக்கு அழுகையே வந்துவிட்டது. படி இறங்கி வெளியே நின்று, திறந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

வெளிப்பக்கத்தில் சிவப்புப் பெயிண்டு எழுத்து மங்காமல் இருந்தது. 'அவசர வழி. எப்போதும் திறந்திருக்க வேண்டும்.' அதிகாரிகள் வந்தால் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும் பக்கம் அது. உட்பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.