பதினோரு நிமிஷப் பாட்டு

விக்கிரவாண்டி டோல்கேட் அருகே ஓர் ஓட்டலில் பிரபாவதிக்குப் பரிமாறும் வேலை. விடுமுறை நாட்களில் கணவன் பிரான்சிஸ் டோலக் வாசிக்க, கல்யாண வீடுகளில் பாடுவாள். எல்லாரும் கேட்பது சென்னையைப் பற்றிய பாட்டுகளைத்தான். ஒருநாள் பஸ்ஸில் நின்றபடியே, திண்டிவனத்தில் தொடங்கி விழுப்புரத்தில் முடியும் பாட்டு ஒன்றை அவளே கட்டினாள்.

‘கூட்டேரிப்பட்டு கூட்டத்துல எடம் புடிச்சவரே,
விக்கிரவாண்டி வர்றதுக்குள்ள பேரைச் சொல்லுங்க.’

சென்னையில் பாட்டு வெளியிடும் வல்லரசு அதைக் கேட்டு மேசையில் தாளம் போட்டார்.

“மெட்டு பிரமாதம்மா. ஊர் பேரை மட்டும் மாத்திடு. கூட்டேரிப்பட்டு யாருக்குத் தெரியும்? ராயபுரம், காசிமேடுன்னு போட்டா அடுத்த வாரமே ரெக்கார்டிங்.”

“எனக்குத் தெரியும் சார். தெனமும் நான் பஸ் ஏறுற எடம் அது” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

திரும்பும் வழியில் பிரான்சிஸ் மெல்லக் கேட்டான். “வருத்தமா இல்லியா?”

“இருக்குது. மாத்திப் பாடியிருந்தா இதைவிட பேஜாரா இருந்திருக்கும்.”

வீட்டிலேயே போனில் பதிவு செய்து தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். ஷேர் ஆட்டோக்களில் பரவிய பாட்டு பஸ்களில் ஏறியது. பொங்கலுக்குத் திண்டிவனத்தில் நடந்த இன்னிசைக் கச்சேரியில் அவளுக்கு ஒரே ஒரு பாட்டுக்கு இடம் கொடுத்தார்கள்.

பாடி முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். “நாங்க பெருமுக்கல்லேர்ந்து வந்திருக்கோம். எங்க ஊரை ஏன் உட்டுட்டே?”

கூட்டம் சிரித்தது. பிரான்சிஸ் நிறுத்தாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிரபாவதி கண்ணை மூடித் திறந்தாள்.

‘பெருமுக்கல் மலையேறி மூச்சு வாங்குறவரே,
கோயிலுக்கு வந்தீங்களா, என்னைப் பாக்க வந்தீங்களா?’

அந்தப் பெண் தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினாள். அவ்வளவுதான். மயிலம், மரக்காணம், செஞ்சி என்று நாலாபக்கமும் குரல்கள். மரக்காணத்து உப்பு, மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம், செஞ்சிக் கோட்டை என ஒவ்வொன்றுக்கும் அந்த இடத்திலேயே இரண்டு வரி பிறந்தது. நிறுத்தச் சொல்லிக் கைகாட்டிய அமைப்பாளரே கடைசியில் மைக் அருகே வந்து, “வானூர்” என்று காதில் சொன்னார். முக்கால் மணி நேரம் பாடினாள். கூட்டமும் கூடவே பாடியது.

மறுவாரம் வல்லரசு ஓட்டலுக்கே வந்தார். “எந்த ஊரையும் மாத்த வேணாம்மா. அப்படியே பாடு.”

மேடையில் சேர்ந்த ஊர்களோடு ரெக்கார்டிங்கில் பாட்டு பதினோரு நிமிஷம் ஓடியது. அவர் தயங்கினார். “மூணு நிமிஷந்தான் வழக்கம். கொஞ்சம் குறைக்கலாமா?”

“எந்த ஊரை எடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க சார்.”

அவர் இன்னொரு முறை முழுதாகக் கேட்டார். ஒன்றையும் எடுக்கவில்லை.

இப்போது திண்டிவனம் பஸ்ஸில் அந்தப் பாட்டு ஓடினால், அதில் தங்கள் ஊர் வரும்வரை ஜனங்கள் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிறார்கள்.